கொல்லிமலையும் ஒரு செயற்கைக் காலும்: அரசு மருத்துவமனையில் மறுவாழ்வு யாருக்கு?



அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு கொல்லிமலையில், செம்மேட்டில் வைத்துக்கொள்வது என்று அமைப்பினர் முடிவு செய்தார்கள். அழைப்பு வந்தபோது நாங்கள் ஒன்றைக் கேட்டோம். இலக்கியத்தைப் பற்றிப் பேசாமல் செயற்கைக் காலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். பேசுங்கள் என்றார்கள். அதற்கு முதலில் நன்றி.

இந்த உரையை மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் இந்த மலையில் பிறந்தவர். ஒருவர் சேந்தமங்கலம் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். இன்னொருவர் ஊன்றுகோலோடு நடப்பவர். வாசிப்பது ஒரு குரல்தான் என்றாலும் சொல்வது மூவரும்தான். அதனால் உரை முழுக்க 'நாங்கள்' என்றே வரும்.

பண்டிதரின் நினைவில் இதைப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1907இல் இதழ் தொடங்கியவர், பௌத்தத்தை மீட்டவர் என்று அவரைப் பேசுகிறோம். அவருடைய அன்றாடத் தொழில் வைத்தியம். சித்த மருத்துவராக நோயாளிகளைப் பார்த்துத்தான் அவர் வாழ்ந்தார். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் தோடர் உள்ளிட்ட மலைமக்களோடு சேர்ந்து வேலை செய்தவர் அவர். மருத்துவமும் மலைமக்களும் அவருடைய வாழ்க்கையிலேயே சேர்ந்திருந்தன. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறோம்.

எங்கள் கேள்வி ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் ஏழை ஒருவரின் கால் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு அவரை மறுபடி நடக்க வைக்கும் பொறுப்பு யாருடையது?

மலையில் ஒரு காலை இழப்பது

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேளூர்நாடு, தேவானூர்நாடு என்று எல்லாமே 'நாடு' என்று முடியும். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் அரசுப் பட்டியலில் 'மலையாளி' என்று எழுதப்படும் பழங்குடி மக்கள். அடிவாரத்தில் சேந்தமங்கலம், இராசிபுரம் பக்கம் அருந்ததியர், பறையர், பள்ளர் குடியிருப்புகள். மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்கள் அந்த வளைவுகளை எண்ணி மகிழ்கிறார்கள். கால் இல்லாதவர் ஒவ்வொரு வளைவிலும் பேருந்துக் கம்பியை எந்தக் கையால் பிடிப்பது, ஊன்றுகோலை எந்தக் கையால் பிடிப்பது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கால் எப்படிப் போகிறது? சில்வர் ஓக் மரத்தில் படரும் மிளகுக் கொடியில் காய் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறார்கள். பலா மரத்திலும் ஏறுகிறார்கள். விழுந்தால் முதுகுத்தண்டு, இடுப்பு, கால். இரண்டாவது சாலை விபத்து. மூன்றாவது பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்தால் கடிபட்ட இடத்துச் சதை அழுகலாம். விஷம் ஏறாமல் இருக்கட்டும் என்று கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று முழுக்காலும் போகும். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தையை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டுவதும் அதையேதான் செய்கிறது. நாட்டு வைத்தியத்தை மதிக்கிறவர்கள்தான் நாங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நுனி மரத்து, கறுத்துப் போனால் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை மலையில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது சர்க்கரை நோய். அது பணக்காரர் நோய் என்று நினைத்த காலம் போய்விட்டது. ரேஷன் அரிசிக்கு மாறிய மலையிலும் அது ஏறிவிட்டது. காலில் உணர்ச்சி குறைகிறது, முள் குத்தினாலும் தெரிவதில்லை, புண் ஆறுவதில்லை. ஐந்தாவது பிழைப்புக்கு இறங்கிய இடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி, பள்ளிபாளையத்து விசைத்தறி, செங்கல் சூளை, கரும்பு ஆலை. இந்த வேலைகளில் கையையும் விரலையும் கொடுத்தவர்கள் நம் சேரிகளில் நிறையப் பேர்.

காலை எடுப்பது சில நேரம் உயிரைக் காக்கும் சிகிச்சை. அதைச் செய்யும் அரசு மருத்துவர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பேச வேண்டும்.

ஒரு கால் எப்படி உருவாகிறது

செயற்கைக் கால் என்றால் கடையில் அளவு பார்த்து வாங்கும் செருப்பு மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வாதம் முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் எஞ்சிய காலில் வீக்கம் இருக்கும். தினமும் முறையாக மீள்கட்டு சுற்றி அந்தக் காலை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே படுத்திருந்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு எந்தக் காலும் பொருந்தாது. படுக்கையில் இருக்கும்போதே யாராவது இதைச் சொல்லித்தர வேண்டும். இல்லாத காலில் வலிக்கிறதே என்று நோயாளி பயப்படுவார். வெட்டுப்பட்ட நரம்பு அப்படித்தான் நினைவூட்டும், பைத்தியம் பிடிக்கவில்லை என்று சொல்லித் தேற்றவும் ஆள் வேண்டும்.

புண் ஆறிய பிறகு எஞ்சிய காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் மாவை ஊற்றி காலின் உருவத்தைச் செய்து, எந்த இடம் பாரம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று பார்த்துச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையைப் படியவைக்கிறார்கள். அதுதான் கால் உட்காரும் கூடு. அதற்குக் கீழே தண்டு, பாதம். பிறகு போட்டுப் பார்த்து உயரம், சாய்வு சரிசெய்ய வேண்டும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பழக வேண்டும். படி ஏற, சரிவில் இறங்க, விழுந்தால் எழுந்திருக்கப் பயிற்சி வேண்டும்.

இதோடு முடிவதில்லை. முதல் ஓராண்டில் எஞ்சிய கால் மெலிந்துகொண்டே போகும். கூடு தொளதொளவென்று ஆகும். உராயும், புண்ணாகும். கூட்டை மாற்ற வேண்டும். வார் அறும், பாதம் தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கால் முழுவதையும் மாற்ற வேண்டும். வளரும் குழந்தை என்றால் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

தையல் பிரிக்க, கட்டு பழக, அச்சு எடுக்க, போட்டுப் பார்க்க, வாங்க, பயிற்சிக்கு, கூடு மாற்ற என்று எண்ணிப் பாருங்கள். ஏழு பயணம். 70 வளைவை இறங்கி ஏறும் ஏழு பயணம். தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் போக வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். இதற்கு நடுவே அடையாள அட்டைக்கு ஒரு நாள், வருமானச் சான்றுக்கு ஒரு நாள், மருத்துவக் குழுவின் முன் நிற்க ஒரு நாள்.

இந்தத் தொடரைச் சுருக்கி ஒரே நாளில் முடிப்பதுதான் முகாம். மண்டபத்தில் பந்தல், மேடை, பயனாளிகள் வரிசை, புகைப்படம். முகாம் நடத்துபவர்களில் நல்ல மனதோடு செய்பவர்கள் உண்டு. ஆனால் முகாம் கலைந்த மறுநாள் வார் அறுந்தால் போவதற்கு இடம் இருக்காது. மலையில் நாங்கள் போன ஒரு வீட்டில் முகாமில் கொடுத்த கால் பரண்மேல் இருந்தது. மிளகு பறிக்கும்போது விழுந்தவர் அவர். மூன்று மாதம் போட்டிருக்கிறார். கூடு தளர்ந்து புண் வந்ததும் கழற்றி வைத்துவிட்டார். பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் காட்டினார். காலில் குறையில்லை, தன் உடம்புக்குத்தான் அது சேரவில்லை என்றார். சேராமல் போனது அவர் உடம்பின் குறை என்று அவரே நம்பும்படி ஆகியிருந்தது. கூடு மாற்றியிருந்தால் அவர் இன்று காட்டில் இருந்திருப்பார். எந்த ஆவணத்திலும் அவர் 'பயனாளி' என்றுதான் இருப்பார்.

இந்த மலையில் வளர்ந்த ஒரு பையன்

பண்டிதர் மறைந்தது 1914 மே மாதம். அதே ஆண்டு ஜூலையில் பிறந்தவர் பால் பிராண்ட். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் இந்தக் கொல்லிமலையில் வாழவந்தியில் தங்கி ஊழியம் செய்தவர்கள். ஒன்பது வயது வரை இந்த மலையில் மரமேறித் திரிந்த பையனைப் படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தந்தை 1929இல் இந்த மலையிலேயே மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தாய் முதுமையில் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போய்வந்தார். 95 வயதில், 1974இல் இறந்தார்.

பையன் முதலில் தச்சு, கட்டட வேலை கற்றார். பிறகு மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைப் பார்த்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோய் நரம்பைத் தாக்குகிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் காயமும் சூடும் தெரியவில்லை, விரல் போவது அந்தக் காயத்தால்தான் என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரலை நிமிர்த்தினார்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு முறைகளில் பல, தொழுநோயாளிகளின் பாதத்தில் கற்றுக்கொண்டவை.

நாங்கள் சொல்லவந்தது அடுத்தது. கை சரியாகி ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். மடங்கிய கையாக இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, நல்ல கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோயாளி என்று வேலையும் தரவில்லை, தங்க இடமும் தரவில்லை என்றார்கள். அறுவைச் சிகிச்சை வெற்றிதான். ஊர் மாறவில்லை. வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பு அதனால்தான் தொடங்கியது. அங்கே மரவேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். உறுப்பைத் திருத்துவது பாதி வேலை, பிழைப்பையும் இடத்தையும் மீட்பது மறுபாதி என்பது அங்கே தெளிவானது.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து அந்தத் துறையைக் கட்டினார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966இல் திறக்கப்பட்டது.

இதெல்லாம் மிஷன் மருத்துவமனையின் வரலாறு. அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் ஒரு மிஷனின் நல்ல மனதை நம்பி ஒரு சமூகம் நடக்கப் பழக முடியாது. பால் பிராண்ட் வளர்ந்த மலையில் இன்றும் ஒருவருக்குச் செயற்கைக் கால் வேண்டுமென்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

அரசு மருத்துவமனையால் முடியாதா?

முடியும். அதற்குச் சாட்சி ஜெய்ப்பூர் கால். அது பிறந்தது ஜெய்ப்பூரில் உள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில். அது அரசு மருத்துவமனை. 1960களின் பிற்பகுதியில் அங்கே எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். அதற்கு முன்பு கிடைத்த மேல்நாட்டுக் கால் ஷூவுக்குள் ஒளிந்திருக்கும் கால். தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கான கால் அது. நாற்று நடுபவருக்கு அதனால் பயனில்லை. டயர் பட்டறையின் உதவியோடு ரப்பரில் வார்த்து, வெறுங்காலாக நடக்கக்கூடிய, எல்லாப் பக்கமும் வளையக்கூடிய பாதத்தை அவர்கள் செய்தார்கள்.

அதைச் செய்த சர்மா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். 1981இல் மகசேசே விருது மருத்துவருக்குப் போனது. மருத்துவர் தகுதியற்றவர் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் படித்த கைக்கு விருதும் உழைத்த கைக்குப் பாராட்டும் என்று பிரிகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்கிறோம்.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் முடியாது. செயற்கைக் கால் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மாவு குழைப்பது, தோல் தைப்பது, வார் அறுப்பது, மரம் இழைப்பது, ரப்பர் ஒட்டுவது. இந்த நாட்டில் இழிவு என்று ஒதுக்கப்பட்ட கைவேலைகள் எல்லாம் அங்கே மருத்துவமாக நிற்கின்றன. பிறருடைய பாதத்தைத் தொட்டு அளவெடுத்துச் செருப்பு தைத்த அருந்ததியரின் அறிவு, உணர்ச்சியற்ற பாதத்துக்குச் செருப்பு செய்யும்போது அறிவியலாகிறது. அதனால் நம் பிள்ளைகள் மறுபடியும் தோலுக்கே போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. செயற்கை உறுப்புப் பொறியியலுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் அந்தத் தொழிலுக்குப் பதிவு தருகிறது. பொறியியல், நர்சிங் என்று மட்டும் யோசிக்கும் நம் மாணவர்களுக்கு இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று சொல்கிறோம். அரசு மருத்துவமனையில் அதற்கு நிரந்தரப் பணியிடம் கேட்பதும் நம் வேலைதான்.

கத்தி ஒரு துறையில், கால் இன்னொரு துறையில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு, காதொலிக் கருவி போன்ற உதவிக் கருவிகள் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் என்கிறது. தேவைப்படுவோரில் அவற்றைப் பெறுபவர்கள் சில ஏழை நாடுகளில் 3 விழுக்காடுதான், பணக்கார நாடுகளில் 90 விழுக்காடு.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. உதவிக் கருவிகளுக்கான ஒன்றிய அரசின் திட்டம் 1981 முதல் இருக்கிறது. கான்பூரில் செயற்கை உறுப்பு செய்யும் அரசு நிறுவனம் 1972இல் தொடங்கப்பட்டது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்கிறது. 'அருகிலேயே' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவைகளைப் பேசுகிறது. ஆனால் அதில் அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற சொற்களும் இருக்கின்றன. உரிமைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கதவு வைத்தால் பணம் இல்லை என்ற பதில் அந்தக் கதவு வழியாகத்தான் வரும்.

தமிழ்நாட்டில் செய்தவையும் உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மதுரை இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதைத் தன் வேலையாக வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. நல்ல திட்டம். உயிர் பிழைத்தவர்கள் பலர்.

எங்கள் கேள்வி 49ஆவது மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. காலை எடுப்பது மக்கள் நல்வாழ்வுத் துறையின் மருத்துவமனை. கால் கொடுப்பது பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் அலுவலகம். ஒன்று சிகிச்சை, மற்றொன்று நலத்திட்டம். மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில் நோயாளி ஒரு துறையின் கணக்கில் முடிந்துபோகிறார், இன்னொரு துறையின் கணக்கில் இன்னும் தொடங்கவில்லை. விண்ணப்பம் கொடுத்தால்தான் தொடங்குவார். நடுவில் இருக்கும் அந்த மாதங்களில்தான் மூட்டு இறுகுகிறது, மனம் உடைகிறது, வேலை போகிறது, வீட்டில் கடன் ஏறுகிறது. இந்த இடைவெளியை ஒருவர் எப்படிக் கடப்பது? படித்தவர், வண்டி வைத்திருப்பவர், அலுவலகத்தில் பேசத் தெரிந்தவர் கடந்துவிடுவார். மலைக் கிராமத்துப் பெண்ணும் சேரியின் கூலித் தொழிலாளியும் அந்த இடைவெளியிலேயே தங்கிவிடுகிறார்கள்.

இந்த நேரத்தில் 2020இல் வந்த புதிய மருத்துவக் கல்லூரி விதிமுறைகளில், கட்டாயமாக இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் மறுவாழ்வு மருத்துவம் இடம்பெறவில்லை. அந்தத் துறை மருத்துவர்களே இதை எதிர்த்தார்கள். ஒரு மாணவர் ஐந்தாண்டு படித்து மருத்துவராகி, காலை எடுக்கக் கற்று, நடக்க வைப்பது எப்படி என்பதைப் பார்க்காமலே வெளியே வரலாம் என்றால் இழப்பு யாருக்கு? முழங்காலைக் காப்பாற்றி அதற்குக் கீழே எடுப்பதற்கும் முழங்காலுக்கு மேலே எடுப்பதற்கும் மலை ஏறுபவரின் வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம் என்பது, நடக்கப் பழகுபவரைப் பக்கத்தில் நின்று பார்த்த மருத்துவருக்குத்தான் தெரியும்.

முன்வினையும் மனுவும்

இது ஏன் தலித் அரங்கின் பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பதில் இரண்டு.

முதல் பதில் கர்மக் கொள்கை. சேரியில் பிறந்தது போன பிறவியின் வினை என்று சொன்ன அதே வாய்தான் கால் ஊனமானதும் முன்வினை என்று சொன்னது. சாதிப் பெயரை வசைச் சொல்லாக்கிய அதே மொழி நொண்டி, குருடு, செவிடு என்பவற்றையும் வசைச் சொல்லாக்கியது. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரைத் தாழ்த்துவதும், உடம்பைக் காரணம் காட்டி ஒருவரைத் தாழ்த்துவதும் ஒரே பள்ளியில் படித்த பாடங்கள். வினைப்பயன் என்று நம்பும் சமூகத்தில் உதவி எப்போதும் தானமாகத்தான் வரும். தானம் கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்குத் தலைகுனிவு. அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்தது கையேந்தாமல் கேட்பது. செயற்கைக் காலையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது பதில் வன்கொடுமை. பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் பாந்த் சிங் என்ற தலித் விவசாயத் தொழிலாளி, பாடகர். மகளுக்கு நேர்ந்த வன்கொடுமைக்கு நீதிமன்றம் போய்க் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர். 2006 ஜனவரியில் அவரை அடித்து நொறுக்கினார்கள். இரண்டு கையும் ஒரு காலும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அவர் மேடையேறிப் பாடினார். கையையும் காலையும் குறிவைத்து அடிப்பது தற்செயல் இல்லை. உழைக்கும் உறுப்பை எடுத்துவிட்டால் குடும்பமே அடங்கிவிடும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் வந்த திருத்தம், முழு ஊனத்துக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம் என்கிறது. சட்டத்தின் 21ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவரின் பொருளாதார, சமூக மறுவாழ்வையும் அரசின் பொறுப்பாக்குகிறது. நாம் நிவாரணத் தொகைக்குப் போராடுகிறோம், வழக்குக்குப் போராடுகிறோம். நடக்க வைக்கும் சிகிச்சையையும் வாழ்நாள் முழுக்க அதன் பராமரிப்பையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்பதை இனி வழக்கமாக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. அது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவது, மறுவாழ்வு மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயற்கை உறுப்பு வல்லுநர், மனநல ஆலோசகர், பட்டறை ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் நாமக்கல் மருத்துவமனையில் நிரந்தரப் பணியிடங்களோடு இயங்க வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒருநாள் அந்தக் குழு செம்மேட்டுக்கு ஏறி வர வேண்டும். அச்சு எடுப்பதையும், வார் மாற்றுவதையும், கூட்டைச் சரிபார்ப்பதையும் ஒரு வண்டியில் வைத்தே செய்யலாம். 50 நோயாளிகள் 70 வளைவை இறங்குவதைவிட ஐந்து ஊழியர்கள் ஏறுவது எளிது.

மூன்றாவது, கால் எடுக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே அவருடைய அடையாள அட்டைக்கான மதிப்பீடு படுக்கையிலேயே தொடங்க வேண்டும். கட்டு சுற்றும் முறை அவருக்கும் வீட்டாருக்கும் பழக்கப்பட வேண்டும். அச்சு எடுக்கும் தேதி வெளியேறும் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு பயணத்துக்கும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவோடு அன்றைய கூலியும் தரப்பட வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியில் இதற்கு இடம் கேட்போம்.

ஐந்தாவது, கொடுக்கப்படும் கால் சரிவிலும் சேற்றிலும் மழையிலும் வேலை செய்பவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழுது பார்ப்பதும் மாற்றித் தருவதும் மறுபடி விண்ணப்பம் போடாமலே நடக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறோம். இரண்டும் உடனே செய்யக்கூடியவை.

ஒன்று, 14 நாடுகளிலும் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுங்கள். கையோ காலோ இழந்தவர் யார், எப்போது, எதனால், செயற்கை உறுப்பு கிடைத்ததா, கிடைத்தது இன்று உடம்பில் இருக்கிறதா பரணில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரசின் பட்டியலில் இல்லாத கேள்வி அதுதான். பெயர்களை வெளியே சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் ஊராட்சி வாரியாகத் தொகுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.

இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இரண்டு மனு போடுங்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் ஓராண்டில் எத்தனை பேருக்குக் கை, கால் எடுக்கப்பட்டது என்று மருத்துவத் துறையிடம் கேளுங்கள். அதே ஓராண்டில் எத்தனை பேருக்குச் செயற்கைக் கை, கால் பொருத்தப்பட்டது, எத்தனை பேருக்குப் பழுது பார்க்கப்பட்டது என்று நலத்துறையிடம் கேளுங்கள். இரண்டு பதில்களும் இரண்டு அலுவலகங்களிலிருந்து இரண்டு உறைகளில் வரும். அவற்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் நம் ஆட்கள். அந்தத் தாளோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். நாங்கள் மூவரும் வருகிறோம். எங்களில் ஒருவர் மெதுவாக நடப்பார், கொஞ்சம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.